கரைக்கு எந்தப் பக்கம்?

முதலில் நீங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பதினோரு வருட வேலை. போன டிசம்பரில் குடும்பத்தோடு ஆலப்புழை போய் மூன்று நாள் கால்வாய்க் கரையில் தங்கியிருக்கிறீர்கள். வந்ததிலிருந்து மனம் அங்கேயே கிடக்கிறது. அப்பா அம்மா மதுரையில் இருக்கிறார்கள், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணம். வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நாலு சென்ட் மனை ஒன்றைத் தரகர் ‘லேக் வியூ’ என்று காட்டியிருக்கிறார். வாங்கலாமா, கொசு எப்படி, வெள்ளம் வருமா என்று கேட்கிறீர்கள். எழுதியிருப்பது கொசுவும் வெள்ளமும். அடியில் இருக்கும் கேள்வி வேறு: காலையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க வேண்டும், ஆனால் அந்தத் தண்ணீர் வாசற்படி ஏறக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்குமா? அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி பெரியாறு – வைகைப் பாசனத்தில், அதாவது கால்வாயும் கண்மாயுமாகவே போனது. தண்ணீர் எங்கே சேரும், எந்த வழியாக வெளியேறும் என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். பத்திரம், வழக்கு என்றால் வக்கீலைப் பாருங்கள். அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை செய்பவர் வேண்டும், என் கண் பார்வை போதாது.

ஆலப்புழையை மனதில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வந்தால் ஏமாற்றம்தான். அங்கே இருப்பது கடலோரச் சமதளம். பக்கத்திலேயே வேம்பநாட்டுக் காயல். கால்வாய்களைச் சரக்கு ஏற்றிச் செல்லும் படகுக்காக வெட்டினார்கள். தண்ணீர் வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். இங்கே வருடத்துக்குச் சராசரியாக 85 செ.மீ. சுற்றி மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த இரண்டு மாதத் தண்ணீரைப் பிடித்து வைத்து நெல் விளைவிக்கத்தான் கண்மாய். கால்வாய் என்பது அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி, முறை வைத்துத் திறப்பார்கள், முறை முடிந்தால் அடைப்பார்கள். ஆகவே பழைய கணக்குப்படி கார்த்திகையில் கடல் மாதிரி இருக்கும் கண்மாய், வைகாசியில் பையன்கள் ஸ்டம்பு நடும் மைதானம் ஆகிவிடும். உங்கள் தரகர் படம் எடுத்தது எந்த மாதத்தில் என்று கேட்டீர்களா? இன்றைக்கு நகரத்துக்குள் சில கண்மாய்கள் கோடையிலும் வற்றாமல் நிற்கின்றன. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் அல்ல, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்காக மதுரை தண்ணீர் ஊர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊரின் முகவரியே ‘மாடக்குளக்கீழ் மதுரை’. மாடக்குளம் கண்மாய்க்குக் கீழே இருக்கிற மதுரை என்று அர்த்தம். பசுமலைப் பக்கம் அந்தக் கண்மாய் இன்றும் இருக்கிறது. ஒரு தலைநகரத்துக்கு அடையாளமாக மலையையோ ஆற்றையோ சொல்லாமல் ஒரு கண்மாயைச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். பேருந்தில் நடத்துநர் கூவும் பெயர்களைக் கேளுங்கள்: தல்லாகுளம், பீபீகுளம், சொக்கிகுளம், ஊமச்சிகுளம், கொடிக்குளம். உலகனேரிக் கண்மாய் இருந்த நிலத்தில்தான் 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை திறந்தார்கள். வண்டியூர் கண்மாய்க்குப் பக்கத்திலேயே மேலமடை இருக்கிறது. சிக்னலில் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குள் ஒரு மடை இருப்பது தெரியும்? எங்கள் பக்கம் மேல என்றால் மேற்கு. மேற்கு மடை, அவ்வளவுதான் பெயர்.

மனை வாங்குமுன் கண்மாயின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். பிறை மாதிரி வளைந்த ஒரு மண்கரை. கரைக்கு மேட்டுப் பக்கம் தண்ணீர் நிற்கும் பரப்பு உள்வாய். கரைக்குத் தாழ்ந்த பக்கம் வயல்கள், அது ஆயக்கட்டு. கரையில் தண்ணீரைத் திறந்துவிடும் வாய் மடை. பழைய கண்மாய்களில் இரண்டு உயரமான கல்தூண்கள் தண்ணீருக்குள் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழி மடை. அந்தத் தூண் ஓரமாக ஒருவர் முங்கி, அடியிலிருக்கும் கல்தொட்டியின் துளையில் செருகிய அடைப்பைத் தூக்குவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி முங்கி எழுந்த ஒரு நீர்க்கட்டியை, அதாவது மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் ஆளை, பார்த்திருக்கிறேன், வாயில் பீடி இருந்த இடத்தில் பாசி இருந்தது, சிரித்துக்கொண்டே துப்பினார். மேட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். கண்மாய் நிறைந்தபின் மிச்சம் வழிவது கலுங்கு. கலுங்கு தாண்டி ஓடுவது மறுகால். அந்த மறுகால் கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால். இப்படிச் சங்கிலி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகப் போய்க் கடைசியில் ஆற்றில் சேரும். பாலமேட்டுப் பக்கம் சாத்தையாறு அணையிலிருந்து கீழே வரும் கண்மாய்ச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் நீங்கள் பார்த்திருக்கும் வண்டியூர். மேலே உள்ள கண்மாய்கள் நிறைந்து வழிந்தால் அத்தனையும் இங்கே வந்துதான் வைகைக்கு வழி தேடும். மழை உங்கள் தெருவில் பெய்திருக்கவே வேண்டாம்.

இப்போது உங்கள் மனை இந்த உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? ‘கண்மாய்ப் பக்கம்’ என்ற ஒரே சொல்லில் நான்கு விதமான நிலம் ஒளிந்திருக்கிறது.

உள்வாய் என்றால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். ‘பட்டா இருக்கே சார்’ என்பார்கள். பட்டா இருக்கலாம். கண்மாய் முழுக்க நிறையும்போது ஓரத்தில் முங்கும் பட்டா நிலங்கள் பல ஊர்களில் உண்டு. தண்ணீர் வடிந்ததும் ஈரத்தில் எள்ளோ சோளமோ விதைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். விவசாயிக்கு அது லாபமான நிலம். நாலைந்து வருடம் மழை பொய்த்தால் அதே நிலம் மனையாகக் கல் நடப்படும், கண்மாய் நிறையும் வருடத்தில்தான் வாங்கியவருக்கு விஷயம் தெரியும். அங்கே வெள்ளம் ‘வருவது’ இல்லை, கண்மாய் தன் அளவுக்கு நிறைந்திருக்கிறது, அவ்வளவே. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். இடையில் பலகையும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தால் முழ உயரத்துக்குத் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அன்றைக்கு அடைத்திருந்தார்கள், மழை விடவில்லை. உள்வாயில் புதிதாகக் கட்டியிருந்த ஆறேழு வீட்டுக்காரர்கள் ‘பலகையை எடு’ என்கிறார்கள். ஆயக்கட்டு விவசாயிகள் ‘எடுத்தா தை மாசம் கதிருக்குத் தண்ணிக்கு எங்க போறது’ என்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கூட்டமும், நடுவில் நானும். ஒரு வீட்டில் பாட்டியைக் கட்டிலோடு தூக்கி மாடிப்படியில் வைத்திருந்தார்கள். கட்டிலின் கால்கள் இரண்டு மேல்படியிலும் இரண்டு கீழ்ப்படியில் செங்கல் முட்டுக் கொடுத்தும் நின்றன. பாட்டி எல்லோரையும் விட நிதானமாக இருந்தார், ‘இது கம்மா தானேய்யா, தண்ணி நிக்காம என்ன செய்யும்’ என்றார். பலகையை எடுத்தோம். யாரும் என்னிடம் நன்றாகப் பேசவில்லை, இரண்டு தரப்பும்தான்.

மறுகால் ஓரம் உள்வாயை விட ஆபத்து என்பேன். உள்வாயில் தண்ணீர் மெல்ல ஏறும், சாமானை மேலே தூக்க நேரம் கிடைக்கும். மறுகாலில் ஓடி வரும். செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். அந்த வாய்க்கால் போகும் வழி முழுக்க வீடும் தெருவும் நெருக்கி, சாக்கடையும் சேர்ந்து, அகலம் குறைந்து கிடக்கிறது. 2024 அக்டோபரில் கொஞ்ச நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூர், பீபீகுளம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்கள் பெங்களூரில் இருந்தே செய்தியில் பார்த்திருப்பீர்கள். வைகை அப்போது கரை புரளவில்லை. ஆற்றுக்குப் போய்ச் சேர வழியில்லாத தண்ணீர் ஊருக்குள் நின்றது. இந்த வித்தியாசம் முக்கியம். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று கரையோர மக்களுக்குத் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிடுவார்கள். அணையிலிருந்து மதுரை வர அதற்கு நேரமும் ஆகும். ஊருக்குள் இருக்கும் வாய்க்காலுக்கு அப்படி எச்சரிக்கை எதுவும் கிடையாது. மழை விட்ட அரை மணியில் வந்து நிற்கும்.

வரத்துக்கால் ஓரமும் ஏறக்குறைய இதே கதைதான். கிருதுமால் நதியைத் தெற்குவாசல் பக்கம் காட்டினால் சாக்கடை என்பீர்கள். பாகவதத்தில் சத்தியவிரதன் கையில் குட்டி மீன் வந்த ஆறு கிருதமாலா. மச்ச அவதாரம் தொடங்கிய தண்ணீர் அது என்று கூடலழகர் கோயிலில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பெருமையை நம்பி ஓரத்தில் வீடு வாங்கிவிட முடியாது.

மிச்சம் இருப்பது ஆயக்கட்டு, கரைக்குக் கீழ்ப் பக்கம். மதுரையில் பெயருக்குப் பின்னால் ‘நகர்’ ஒட்டிய குடியிருப்புகளில் நிறைய இப்படி வயலாக இருந்தவைதான். இங்கே வாழலாம், நானே வாழ்கிறேன். ஆனால் மூன்று விஷயம் தெரிந்து வாங்க வேண்டும். ஒன்று மண். நூற்றாண்டுக் கணக்கில் வண்டல் படிந்த களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டு மூன்றாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடினால் கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. மண்ணைப் பரிசோதித்துவிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். இரண்டாவது ஓதம். கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் கரைக்கு அடியில் கசிவு நீர் வரும். அடித்தளச் சுவரில் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் இடுப்புயரத்துக்குப் பெயின்ட் உரியும். கழிவுத் தொட்டி அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருந்தால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே ஊறி, கழிவறையில் தண்ணீர் இறங்காது. கார்த்திகை மாதம் முழுக்க லாரிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் நான் மேலே பாக்கி வைத்தது. வயல் வீடாகிவிட்டால் மடையைத் திறக்க யாரும் கேட்பதில்லை. திறந்தாலும் மடைவாய்க்கால் தெருவாகிவிட்டது. ஆக, முன்பு தையிலும் மாசியிலும் வயலுக்குப் பாய்ந்து காலியான கண்மாய் இப்போது காலியாவதில்லை. போதாததற்கு வருடம் முழுக்க வரத்துக்கால் வழியாக வீட்டுக் கழிவு நீர் வந்து சேர்கிறது. ஐப்பசி பிறக்கும்போதே முக்கால் வயிறு நிறைந்திருக்கும் கண்மாய் புது மழைக்கு எங்கே இடம் கொடுக்கும்? நாலு நாள் மழைக்கு வழிய வேண்டியது ஒரே நாளில் வழிகிறது. கோடையிலும் தண்ணீர் நிற்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் பாராட்டும்போது எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் ஆகிவிடும். 1994-ல் ஒரு கண்மாய்க்குக் கீழே, கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி வீடு கட்டினேன். மடைவாய்க்கால் எங்கே ஓடியது என்று பார்த்து அதை விட்டு விலகித்தான் மனை வாங்கினேன். தெருவிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தரை போட்டேன். அந்தக் காலத்தில் அது அதிகம் என்று கொத்தனாரே சொன்னார். அப்புறம் தெருவுக்கு ஒரு தார் ரோடு வந்தது, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். ஐந்தாறு வருடத்தில் இன்னொன்று. பிறகு சிமென்ட் ரோடு. பிறகு குழாய் பதித்துவிட்டு அதன் மேல் ஒன்று. இப்போது தெருவிலிருந்து என் வாசலுக்கு ஒரு படி இறங்கி வர வேண்டும். அடைமழைக்கு மண்மூட்டை அடுக்குகிறோம். ‘ஊர்க் கலுங்கெல்லாம் அளந்தீங்க, வீட்டு வாசப்படிய அளக்க விட்டுட்டீங்களே’ என்று என் மனைவி வருடம் தவறாமல் ஐப்பசியில் ஒரு முறை சொல்வார். நியாயம்தான். நீங்கள் கட்டினால் இன்றைய தெருவிலிருந்து நாலு அடியாவது உயர்த்துங்கள், வயதான அப்பா அம்மாவுக்காகச் சாய்தளமும் சேர்த்து. கிராவல் அடித்து நிரப்பும் செலவை மனை விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

கொசு. உண்டு, நிறைய உண்டு. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாயந்தரம் கதவைச் சாத்த வைக்கும் கொசு தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் வளர்வது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் கண்மாயும் ஓட்டமில்லாத வாய்க்காலும் அதற்குச் சொர்க்கம். டெங்கு பரப்பும் கொசு வேறு வகை, அது பகலில் கடிக்கும், வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் இருக்கும் நல்ல தண்ணீரில், அதாவது மூடாத டிரம்மிலும் மொட்டைமாடி டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிடும். கண்மாயைத் திட்டிக்கொண்டே டிரம்மைத் திறந்து வைத்திருப்பவர்களை என் தெருவிலேயே காட்டுவேன். ஜன்னலுக்கு வலை போடுங்கள், முடிந்தது. நாற்றம் கண்மாய்க்குக் கண்மாய் வேறுபடும். அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாக்குடிக் கண்மாயில் மழை பெய்தால் வெள்ளை நுரை பொங்கி விமான நிலையச் சாலை வரை பறந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். சோப்பும் கழிவும் கலந்த தண்ணீர் கலுங்கில் விழுந்து அடிபடும்போது நுரைக்காமல் என்ன செய்யும்? மனை பார்க்கப் போகும்போது வெயில் ஏறிய மதியத்தில் ஒரு தடவை, காற்று நின்ற இரவில் ஒரு தடவை போய் நில்லுங்கள். தரகர் எப்போதும் காலை ஏழு மணிக்குத்தான் கூட்டிப் போவார். பாம்பு வரும், பெரும்பாலும் தண்ணீர்ப் பாம்பும் சாரையும். அடிக்காமல் வழி விட்டால் போய்விடும்; விறகும் செங்கல்லும் வீட்டை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

நிலத்தடி நீர் விஷயத்தில் கண்மாய்ப் பக்கம் இருப்பது சந்தேகமில்லாத லாபம். இதற்கு மதுரைக்காரர்கள் கண்ணாலேயே பார்த்த சாட்சி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. நான் இளைஞனாக இருந்த காலத்தில் அதில் வருடத்தில் பெரும்பாலும் தண்ணீர் கிடையாது, ஒரே நேரத்தில் பத்து கிரிக்கெட் ஆட்டம் ஓடும், யார் பந்து யாருக்கு என்றே தெரியாது. தைத் தெப்பத் திருவிழா பல வருடம் நிலைத்தெப்பமாக, அதாவது மிதக்காமல் நின்ற தெப்பத்தோடுதான் நடந்தது. வைகையிலிருந்து பனையூர் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும் பாதையைச் சரிசெய்து குளத்தை நிரப்பத் தொடங்கிய பிறகு சுற்றியிருக்கும் தெருக்களில் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் மேலே வந்ததை அங்கே இருப்பவர்களே சொல்வார்கள். கண்மாய்க்குக் கீழேயும் அப்படித்தான். ஆனால் தண்ணீர் கிடைப்பது வேறு, குடிக்கத் தகுந்தது வேறு. கழிவு நீர் தேங்கும் கண்மாய்க்கு அடியில் போர் போட்டால் அளவு இருக்கும், தரம் இருக்காது. பக்கத்து வீட்டு போர் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மனை பேசுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு.

காகிதம். நான் வக்கீல் இல்லை என்று சொன்னேன், ஆனால் எந்தக் காகிதத்தில் தண்ணீர் தெரியும் என்பது எங்கள் தொழிலில் பழகியது. மனையின் சர்வே எண்ணை வாங்கி, எந்த எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். கண்மாய், வாய்க்கால், ஓடை என்று எது எழுதியிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அங்கே ரயத்துவாரி, அதாவது தனியார் பட்டா நிலம், என்று இருந்தால் போதுமா என்றால், போதாது. இப்போது இணையத்தில் கிடைப்பது 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பின் வந்த கணக்கு, யுடிஆர் என்பார்கள். அதற்கு முந்தைய பதிவேட்டில் அதே இடம் என்னவாக இருந்தது என்று வக்கீல் மூலம் எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய கிராம வரைபடத்தில் வாய்க்கால்கள் இரட்டைக் கோடாக ஓடும். உங்கள் எண்ணை அந்தக் கோடு தொடுகிறதா, உரசுகிறதா? பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து தரையில் வாய்க்காலையே காணோம் என்றால் அது உங்கள் மனைக்குள் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ‘முப்பது வருஷமா வீட்டு வரி கட்டுறோம், கரண்ட் குடுத்திருக்காங்க’ என்பதெல்லாம் இடிக்கும் நாளில் கைகொடுத்து நான் பார்த்ததில்லை. அப்படி இடித்த இரண்டு இடங்களில் அளந்து கொடுக்கும் வேலையில் நானும் நின்றிருக்கிறேன், அந்த முகங்களை மறக்க முடியவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் இன்னும் கண்மாய்க்குக் கீழேயே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் ஏறினால் தெரியும். வண்டியூரில் நடைபயிற்சிக்கு வருகிற கூட்டம் வேறு, எங்கள் கண்மாயில் ஆள் குறைவு. நீர்க்காகம் பட்டுப்போன கருவேலமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு, துணி காயப்போட்ட மாதிரி, அசையாமல் நிற்கும். மஞ்சள்மூக்கு நாரைகள் முழங்கால் தண்ணீரில் வாயைத் திறந்தபடி துழாவும். கொஞ்சம் தெற்கே சாமநத்தம் கண்மாய்க்குப் போனால் இன்னும் கூட்டம். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் வேகும்போது தண்ணீர் இருக்கும் பக்கத்திலிருந்து வரும் காற்று சாயந்தரத்தில் வாசலில் உட்கார வைக்கும். புதுத் தண்ணீர் வரும் ராத்திரியில் மீன் எதிர்த்து ஏறும். பையன்கள் கொசுவலையோடு ஓடுவார்கள், நானும் எழுந்து போய் நிற்பேன், எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நகரத்தை விட்டு மேலூர்ப் பக்கம் போனால் கோடையில் வற்றும் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா. விடிகாலையிலேயே சுற்று ஊர் சனம் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு கரை முழுக்க நிற்கும், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒரு கால்கூடத் தண்ணீரில் படாது. வீசியதும் நாலு நிமிடத்தில் கண்மாய் சேற்றுக் குழம்பாகும். விராலும் கெளுத்தியும் அன்றைக்கு அத்தனை வீட்டிலும் கொதிக்கும், விற்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் நாலு சென்ட்டுக்கு என் பதில்: கரைக்குக் கீழ்ப் பக்கம், மறுகாலையும் மடைவாய்க்காலையும் தொடாமல், பழைய பதிவேட்டில் நஞ்சையாக இருந்தால் வாங்குங்கள், உயர்த்திக் கட்டுங்கள். உள்வாய் என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ‘லேக் வியூ’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. கரை பத்துப் பதினைந்து அடி உயரம் இருக்கும். கீழ்ப் பக்கத்து மனையில் தரையில் நின்று தண்ணீரைப் பார்க்கவே முடியாது, மாடி ஏறினால்தான் தெரியும். வெறும் மனையில் நின்றபடியே தரகர் தண்ணீரைக் காட்டினார் என்றால், நீங்கள் நின்ற இடம் எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்க ஐப்பசி வரை பொறுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் அப்பாவை அனுப்பாமல் நீங்களே வாருங்கள். கலுங்குப் பக்கம் நிச்சயம் ஒரு டீக்கடை இருக்கும், ஒரு டீயைச் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் போன தடவை தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்ல மாட்டார், எழுந்து வந்து சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு, சர்வே எண்ணோடு எனக்கு எழுதுங்கள். மிச்சத்தை அப்போது பார்க்கலாம்.